டென்மார்க் போகிறவர்களுக்குக் கொஞ்சம் டேனிஷ்: படிக்க எளிது, கேட்கத்தான் வம்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டென்மார்க்கில் ஒரு வாரம் சுற்றிவர டேனிஷ் தெரிந்தே ஆகவேண்டும் என்று இல்லை. கடைக்காரர், பேருந்து ஓட்டுநர், தெருவில் போகும் பள்ளிக்கூடத்துப் பையன் என்று யாரிடம் கேட்டாலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் தெளிவாகப் பதில் சொல்வார்கள். அப்புறம் எதற்கு இந்தக் கட்டுரை என்றால், ஆங்கிலம் பேசுவது மனிதர்கள்தான், பலகைகள் பேசாது. சூப்பர் மார்க்கெட்டில் பொட்டலத்தின் பின்பக்கம், வண்டி நிறுத்துமிடத்துப் பலகை, சின்ன ஊர் ரயில் நிலையத்தில் திரையில் ஓடும் கடைசி நேர மாற்றம் எல்லாம் டேனிஷில்தான் இருக்கும். நல்லவேளையாக இந்த மொழி படிக்கச் சுலபம், ஆங்கிலம் தெரிந்தவருக்குப் பல சொற்கள் எங்கேயோ பார்த்த முகமாகத் தெரியும். கேட்கும்போதுதான் வம்பு, ஏனென்றால் எழுதியிருப்பதில் ஒரு பங்கை விழுங்கிவிட்டுத்தான் பேசுவார்கள். எனவே நேரத்தை முதலில் கண்ணுக்குக் கொடுங்கள், அப்புறம் வாய்க்குப் பத்துப் பதினைந்து சொல், காதுக்கு எண்கள் மட்டும். பயணிக்கு இது போதும்.

கோபன்ஹேகன் விமான நிலையத்தில் இறங்கியதுமே பாடம் தொடங்கிவிடும். ஊருக்குள் போக எம்2 மெட்ரோ இருக்கிறது, ஓட்டுநர் இல்லாத ரயில், முன்கண்ணாடிப் பக்கம் இடம் கிடைத்தால் விடாதீர்கள். நகர நடுவுக்குக் கால் மணி நேரம்தான். அந்தப் பாதையின் நிலையப் பெயர்களை மட்டும் பிரித்துப் படித்தாலே இலக்கணத்தில் பாதி வந்துவிடும் என்பது என் கட்சி. ஏறும் நிலையத்தின் பெயர் லுஃப்ட்ஹவ்னென். லுஃப்ட் என்றால் காற்று, ஹவ்ன் என்றால் துறைமுகம், கடைசியில் ஒட்டியிருக்கும் 'என்' தான் ஆங்கிலத்தின் 'தி'. அங்கே முன்னால் தனியாக நிற்பது இங்கே சொல்லின் வாலில் வந்து ஒட்டிக்கொள்கிறது. வீடு, வீட்டை, வீட்டில் என்று எல்லாவற்றையும் பின்னால் ஒட்டியே பழகிய நமக்கு இது உறுத்தாது, ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள்தான் தடுமாறுவார்கள்.

காஸ்ட்ரூப் நிலையத்தைத் தாண்டினால் ஃபெமோரென் வரும். ஃபெம் என்றால் ஐந்து, ஓரெ என்பது அவர்கள் நாணயமான குரோனில் நூறில் ஒரு பங்கான சில்லறை, கடைசியில் பழைய வால். அப்புறம் அமாகெர் ஸ்ட்ராண்ட், அதாவது அமாகெர் தீவின் கடற்கரை. ஓரெசுண்ட் என்பதில் சுண்ட் என்றால் நீரிணை, டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவில் கிடக்கிற அந்தக் கடல். லேர்க்ராவ்ஸ்பார்க்கென் என்று ஒரு நிலையம், முதலில் பார்க்கும்போது மலைப்பாக இருக்கும், உடைத்தால் ஒன்றுமில்லை: லேர் களிமண், க்ராவ் பள்ளம், நடுவில் பசை மாதிரி ஒரு 'ஸ்', பார்க், 'என்'. களிமண் பள்ளப் பூங்கா, அவ்வளவுதான். டேனிஷில் நீளமான சொல்லைக் கண்டால் பயப்படாமல் உடைக்க வேண்டும், சொற்களுக்கு நடுவே இடம் விடாமல் சேர்த்து எழுதுவது அவர்கள் பழக்கம். கடைசியாகக் கோங்கென்ஸ் நீடோர்வ். கோங்கெ அரசன், கோங்கென் அந்த அரசன், கோங்கென்ஸ் அந்த அரசனுடைய, நீ என்றால் புதிய, டோர்வ் என்றால் சந்தைச் சதுக்கம். ஒரே பெயரில் சுட்டு, வேற்றுமை இரண்டும் முடிந்தது. அதற்கு அடுத்த நோர்ரெபோர்ட், பழைய நகர மதிலின் வடக்கு வாசல் இருந்த இடம், நோர்ரெ வடக்கு, போர்ட் வாசல்.

ஒரு சின்னத் திருத்தம், எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் 'என்' வராது. சிலவற்றுக்கு 'எட்' வரும். ரயில் டோக், அந்த ரயில் டோகெட். வீடு ஹூஸ், அந்த வீடு ஹூஸெட். எதற்கு எது என்பதைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதைத் தவிர வழி இல்லை, பயணிக்கு அது வேண்டவும் வேண்டாம். மாற்றிச் சொன்னால் யாரும் அடிக்கப்போவதில்லை.

ஊர்ப் பெயர், தெருப் பெயர்களின் வால்களைத் தெரிந்துகொண்டால் வரைபடமே பேச ஆரம்பிக்கும். காதெ என்றால் தெரு, வை என்றால் சாலை, ப்ரோ பாலம், ஸ்லாட் அரண்மனை, கிர்க்கெ தேவாலயம், போர்க் கோட்டை. வெஸ்டர்ப்ரோ, நோர்ரெப்ரோ, ஓஸ்டர்ப்ரோ என்று கோபன்ஹேகனில் தங்கும் விடுதி தேடும்போது வரும் பெயர்கள் எல்லாம் மேற்கு, வடக்கு, கிழக்கு என்று திசையைச் சொல்பவை. இந்தப் 'போர்க்' நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்: தரங்கம்பாடியில் கடலைப் பார்த்தபடி நிற்கிற டேன்ஸ்போர்க், அதாவது டேனியர் கோட்டை, 1620-இல் அவர்கள் கட்டியது. 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போகும்வரை இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அந்த ஊரில் டேனிஷ் புழங்கியிருக்கிறது.

இப்போது எழுத்து. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளோடு கடைசியில் மூன்று கூடுதல், மொத்தம் 29. ஆங்கில ஏயும் ஈயும் ஒட்டிப் பிறந்த எழுத்து, நம் 'எ'வை இன்னும் கொஞ்சம் வாய் திறந்து சொன்னால் வரும். குறுக்கே கோடு போட்ட ஓ, இதற்கு நாக்கை நம் 'ஏ' சொல்லும் நிலையில் வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் 'ஓ'வுக்குக் குவிக்க வேண்டும். தலையில் சிறு வட்டம் வைத்த ஆங்கில ஏ, அது 'ஓ'வுக்கும் 'ஆ'வுக்கும் நடுவில் விழும். நமக்கு ஆ, ஈ, பூ, தீ என்று ஓரெழுத்து ஒருமொழி இருப்பதுபோல அவர்களுக்கும் உண்டு: கோடு போட்ட ஓ தனியாக நின்றால் தீவு, வட்டம் வைத்த ஏ தனியாக நின்றால் ஓடை. ஃபானோ, சாம்ஸோ என்று வரைபடத்தில் அந்தக் கோடு போட்ட ஓவில் முடியும் பெயரைப் பார்த்தால் பெரும்பாலும் படகோ பாலமோ தேவைப்படும் இடம் என்று புரிந்துகொள்ளலாம். வட்டம் வைத்த ஏ 1948-இல்தான் எழுத்துச் சீர்திருத்தத்தில் முறையாக வந்தது, அதற்கு முன் இரண்டு ஏ போட்டு எழுதினார்கள். ஓர்ஹூஸ் நகரம் 2011-இல் மறுபடி அந்தப் பழைய இரட்டை ஏவுக்கே திரும்பிவிட்டது. அகரவரிசைப் பட்டியலில் அந்த ஊரை முதலில் தேடாதீர்கள், கடைசியில் இருக்கும். பயணச்சீட்டுத் தளத்தில் தட்டும்போது உங்கள் விசைப்பலகையில் இந்த எழுத்துகள் இல்லையென்றால் முதலாவதற்கு ஏ-ஈ, இரண்டாவதற்கு ஓ-ஈ, மூன்றாவதற்கு ஏ-ஏ என்று போட்டால் பொதுவாக ஏற்றுக்கொள்ளும்.

பலகைச் சொற்களில் 'காங்' என்று முடியும் குடும்பம் ஒன்று இருக்கிறது, அதை முதலில் பிடியுங்கள். காங் என்றால் நடை, போக்கு. இன்ட்காங் உள்ளே போகும் வழி, உட்காங் வெளியே, நோட் சேர்ந்து நோட்உட்காங் என்றால் அவசர வழி, அஃப்காங் என்றால் வண்டி புறப்பாடு. வருகைக்கு மட்டும் அன்கொம்ஸ்ட். ரயில் நிலையத்தில் ஸ்போர் என்பது நடைமேடை எண். திரையில் ஃபோர்சிங்கெட் என்று வந்தால் தாமதம், காத்திருக்கலாம். அஃப்லீஸ்ட் என்று வந்தால் ரத்து, வேறு வழி பாருங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மேடையிலேயே நிற்பவர்கள் உண்டு. கடைக் கதவில் ஓபென் திறந்திருக்கிறது, லுக்கெட் மூடியிருக்கிறது. ட்ரெக் இழு, ஸ்குப் தள்ளு. கழிவறையில் ஹெர்ரெர் ஆண்கள், டாமெர் பெண்கள். கடையில் டில்புட் என்றால் சலுகை விலை. குளிர்பானப் புட்டியின் மேல் பன்ட் என்று ஒரு குறி இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள், வைப்புத்தொகை கட்டித்தான் வாங்கியிருக்கிறீர்கள், சூப்பர் மார்க்கெட்டில் இருக்கும் இயந்திரத்தில் திருப்பிப் போட்டால் புட்டியைப் பொறுத்து 1 குரோனிலிருந்து 3 குரோனர் வரை திரும்பக் கிடைக்கும்.

கார் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு ஒன்று. நிறுத்துமிடப் பலகையில் நேரம் மூன்று விதமாக எழுதியிருக்கும்: கறுப்பில் இருப்பது வேலை நாள், அடைப்புக்குறிக்குள் இருப்பது சனிக்கிழமை, சிவப்பில் இருப்பது ஞாயிறும் விடுமுறை நாளும். இதைச் சொற்களால் விளக்கியிருக்க மாட்டார்கள், தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

சரி, பேச்சுக்கு வருவோம். இதுவரை நான் கொடுத்த சொற்கள் பெரும்பாலும் எழுத்தைப் பார்த்து அப்படியே படித்தவை. வாயில் வரும்போது அவை உருமாறும். விமான நிலையம் இருக்கிற அந்த அமாகெர் தீவையே எடுத்துக்கொள்ளுங்கள், ஊர்க்காரர் வாயில் அது வெறும் 'அமா'. அமாகெர்ப்ரோ என்ற நிலையம் அறிவிப்பில் 'அமாப்ரோ' என்றுதான் காதில் விழும். ஜி என்ற எழுத்து நடுவிலும் கடைசியிலும் வந்தால் அநேகமாகக் கரைந்துவிடும். டி எழுத்தும் அப்படித்தான். எச் என்ற எழுத்து வி-க்கோ ஜே-க்கோ முன்னால் வந்தால் ஒலிக்கவே ஒலிக்காது. 'நான்' என்பதற்கான சொல்லை எழுத்தின்படி யெக் என்று படிக்கத் தோன்றும், சொல்வதோ யை. பயணம் என்பது ரைஸெ, அதனால் ரயிலுக்கும் பேருந்துக்கும் சேர்த்துப் பயன்படுத்தும் ரைஸெகோர்ட் என்றால் பயண அட்டை. லெகோ பொம்மையின் பெயர்கூட 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களை வெட்டி ஒட்டியதுதான், ஆனால் அந்த முதல் சொல்லை அவர்கள் லெக் என்று சொல்வதில்லை, லை என்பார்கள். இல்லை என்பதற்கு நை. வேகமாகச் சொன்னால் நம் காதில் நாய் என்று விழும், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு ஒலிகள் வெளியூர்க்காரர்களை அழவைப்பவை. ஒன்று மெல்லிய டி. உயிரெழுத்துக்குப் பின்னால் வரும் டி-யை நாக்கு எங்கேயும் தொடாமல், நுனியைக் கீழ்ப்பல்லின் பின்னால் படுக்கப் போட்டுச் சொல்வார்கள். புதிதாகக் கேட்பவருக்கு அது 'ல்' போலவே இருக்கும், உணவு என்பதற்கான மாத் என்ற சொல் மல் என்று கேட்கும். தமிழர்களுக்கு இங்கே ஒரு சின்ன அனுகூலம் உண்டு, 'அது' என்று சொல்லும்போது நடுவில் வரும் த எவ்வளவு மெத்தென்று வருகிறது பாருங்கள், அங்கிருந்து இன்னும் தளர்த்தினால் கிட்டத்தட்ட வந்துவிடும். டேனியர்கள் வெளிநாட்டவரைப் பிடித்துச் சொல்லச் சொல்லிச் சிரிக்கும் சொற்றொடர் ஒன்று இருக்கிறது, எழுத்துப்படி ரோட்க்ரோட் மெட் ஃப்லோடெ, பாலாடை ஊற்றிய சிவப்புப் பழக்கூழ். மூன்று சொல்லில் நாலு மெல்லிய டி. இனிப்பு நன்றாகவே இருக்கும், சொல்ல முடியாவிட்டால் படத்தைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று ஸ்டோட் என்று அவர்கள் அழைக்கும் தொண்டைப் பிடிப்பு. வேண்டாம் என்று மறுக்கும்போது வாயைத் திறந்தபடி 'அ..அ' என்கிறோமே, நடுவில் தொண்டை ஒரு கணம் அடைத்துத் திறக்கிறது அல்லவா, அதைச் சொல்லின் நடுவிலேயே லேசாகச் செய்வார்கள். ஹுன் என்றால் அவள், அதே ஹுன்னைத் தொண்டையைப் பிடித்துச் சொன்னால் நாய். மோர் அம்மா, பிடித்துச் சொன்னால் கொலை. இதைப் பயணி கற்றுக்கொள்ளத் தேவையில்லை, பேச்சு ஏன் இப்படி விக்கி விக்கி வருகிறது என்று புரிந்தால் போதும்.

இலக்கணத்தில் நமக்குக் கிடைத்த பெரிய சலுகை வினைச்சொல். வந்தேன், வந்தாய், வந்தார்கள் என்ற ஈற்று மாற்றமே இல்லை, யார் செய்தாலும் ஒரே வடிவம். இன்னொரு சலுகை சங்கடத்தையும் கூடவே கொண்டுவரும்: எல்லோரையும் 'டு', அதாவது நீ. பேராசிரியரும் நீ, எழுபது வயதுப் பாட்டியும் நீ. மரியாதைப் பன்மை ஒன்று ஏட்டில் இருக்கிறது, இன்று அரச குடும்பத்தோடும் வெகு சில முறைமையான இடங்களிலும்தான் அதைக் கேட்கலாம். பெரியவரைப் பார்த்து நீ என்று சொல்ல நமக்கு வாய் வராது, ஆனால் அங்கே நீங்கள் என்றால்தான் விலகி நிற்பதாக நினைப்பார்கள். டு என்றே சொல்லுங்கள்.

சொல்லவேண்டிய சொற்கள் எவை என்று பார்க்க ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைவோம், ஒரு நாளில் அதிகம் டேனிஷ் பேசப்போவது பணம் கட்டும் இடத்தில்தான். பெல்ட்டில் சாமானை வைத்ததும் அந்தப் பெண் ஹை என்பார், நீங்களும் ஹை. பீப் பீப் என்று எல்லாம் ஓடி முடிந்ததும் 'ஸ்கா டு ஹா என் போஸெ' என்று ஒரு கேள்வி வரலாம், பை வேண்டுமா என்கிறார். வேண்டுமென்றால் 'யா டக்', வேண்டாமென்றால் 'நை டக்'. டக் என்றால் நன்றி, அதுதான் இந்த மொழியில் உங்கள் ஆபத்பாந்தவன். ஆங்கிலத்தின் 'ப்ளீஸ்' வேலையையும் அதுதான் பார்க்கும், காபி கடையில் 'என் கஃபெ, டக்' என்றால் மரியாதையாகக் கேட்டதாகவே கணக்கு. பிறகு 'போங்?' என்பார். போகச் சொல்லவில்லை, ரசீது வேண்டுமா என்று கேட்கிறார். அதற்கும் யா டக், நை டக் தான். கடைசியில் 'ஹா என் கோ டே' என்பார், நல்ல நாளாக இருக்கட்டும். பதிலுக்கு 'ஈ லீ மோல', உங்களுக்கும் அப்படியே. இதைச் சரியாகச் சொல்லிவிட்டால் அவர் முகத்தில் ஒரு சின்ன ஆச்சரியம் தெரியும், அது பணம் கொடுத்துக் கிடைக்காதது. கிளம்பும்போது ஹை ஹை, ஒரு தடவை சொன்னால் வணக்கம், இரண்டு தடவை சொன்னால் போய்வருகிறேன். ஜெர்மனி எல்லையை ஒட்டிய தெற்கு யூட்லாந்தில் இந்த இரண்டுக்குமே மொய்ன் என்று ஒரே சொல்.

இடித்துவிட்டாலும், யாரையாவது நிறுத்தி வழி கேட்கவும் 'ஒன்ஸ்கூல்'. எங்கே இருக்கிறது என்பதற்கு 'வோர் எர்', அதோடு இடத்தின் பெயரைச் சேர்த்தால் கேள்வி தயார். என்ன விலை என்பதற்கு 'வ கோஸ்டர் டே'. புரியவில்லை என்பதற்கு 'யை ஃபொஸ்டோர் இக்கெ', இந்த இக்கெ வினைக்குப் பின்னால் வந்து அதை மறுக்கும் சொல். மிதிவண்டிப் பாதைக்குள் தெரியாமல் கால் வைத்தால் பின்னாலிருந்து 'பஸ் போ' என்று ஒரு குரல் வரும், பார்த்து என்று அர்த்தம், உடனே நகருங்கள். சாப்பிட அழைத்த வீட்டில் மேசையை விட்டு எழும்போது 'டக் ஃபோ மல்' என்று சொல்லியே ஆகவேண்டும், சாப்பாட்டுக்கு நன்றி. சொல்லாமல் எழுந்தால் தவறாக நினைப்பார்கள். ஹூகெ என்று ஒரு சொல்லை எல்லாப் பயணக் குறிப்பும் பக்கம் பக்கமாக விளக்கும், உங்களுக்கு அது அங்கே எதற்கும் பயன்படாது என்பதால் விட்டுவிடுகிறேன்.

சாப்பாட்டில்தான் நம்மவர்களுக்குக் கவனம் தேவை. பன்றி இறைச்சி எதிலும் இருக்கலாம். பொரித்த பன்றிக் கொழுப்பிறைச்சியும் பார்ஸ்லி கீரைச் சாறும் சேர்ந்த ஸ்டெக்ட் ஃப்லெஸ்க் என்ற உணவை 2014-இல் தேசிய உணவாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள். இறைச்சிக்கான சொல் கே, கோடு போட்ட ஓ, டி. அதன் முன்னால் எஸ்-வி-ஐ-என்-ஈ என்று ஒட்டியிருந்தால் பன்றி, ஓ-கே-எஸ்-ஈ என்று இருந்தால் மாடு. ஃப்லெஸ்க், ஸ்கிங்கெ இரண்டும் பன்றிதான், கால்வ் என்றால் கன்று, கில்லிங் கோழி, ஃபிஸ்க் மீன். ஃப்ரிகடெல்லர் என்ற உருண்டை வழக்கமாகப் பன்றியில் செய்வது. ரொட்டியில் தடவும் லேவர்போஸ்டை என்ற ஈரல் பசையும் அப்படியே. சைவம் என்றால் 'யை எர் வெகெடார்' என்று சொல்லுங்கள், கூடவே 'ஊதென் கோல்', இறைச்சி இல்லாமல், என்று சேர்த்தால் இன்னும் பத்திரம். தண்ணீர் கேட்கும்போது வான் என்றால் போதும், ஆனால் டான்ஸ்க்வான் என்று எழுதிய புட்டியை எடுத்தால் அது வாயு அடைத்த தண்ணீர்.

கடைசியாக எண்கள், இந்த மொழியின் நிஜமான குறும்பு இங்கேதான். நாற்பது வரை பெரிய பிரச்சினை இல்லை, ஒன்றின் இடத்தை முன்னால் சொல்வார்கள் என்பது மட்டும்தான். ஐம்பதிலிருந்து கணக்கு இருபது இருபதாக மாறிவிடும். அறுபது ட்ரெஸ், மூன்று இருபது என்ற பழைய சொல்லின் சுருக்கம். எண்பது ஃபீர்ஸ், நான்கு இருபது. ஐம்பதுக்கு ஹல்ட்ரெஸ், 'மூன்றாவதில் பாதி' இருபது, அதாவது இரண்டு முழு இருபதும் மூன்றாவதில் பாதியும். அதே கணக்கில் எழுபது ஹல்ஃபியெர்ஸ், தொண்ணூறு ஹல்ஃபெம்ஸ். 57 என்றால் ஸ்யூ-ஓ-ஹல்ட்ரெஸ், ஏழும் ஐம்பதும். டேனியர் யாரும் மனதில் பெருக்கிப் பார்த்துச் சொல்வதில்லை. நம் தொண்ணூறுக்குள்ளும் நூறு ஒளிந்திருக்கிறது, நாம் என்ன கழித்துப் பார்த்தா சொல்கிறோம்? நீங்களும் அந்த ஐந்து சொற்களை அப்படியே நெட்டுருப் போடுங்கள். காதில் ஹல் என்று ஆரம்பித்தால் ஐம்பது, எழுபது, தொண்ணூறு மூன்றில் ஒன்று என்று பிடித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. கடையில் சந்தேகம் வந்தால் திரையைப் பாருங்கள். விலைப்பட்டியலில் காற்புள்ளிதான் அவர்களின் தசமப் புள்ளி, புள்ளி ஆயிரத்தைப் பிரிக்க. எனவே 1.250,00 என்றால் ஆயிரத்து இருநூற்றைம்பது. 25,- என்று கோடு போட்டிருந்தால் இருபத்தைந்து முழுசாக.

இந்த 'பாதி' விவகாரம் கடிகாரத்திலும் உண்டு, அங்கே மாட்டினால் வண்டியே போய்விடும். ஹல் நீ என்றால் சொல்லுக்குச் சொல் பாதி ஒன்பது. நம் மூளை உடனே ஒன்பதரை என்று எடுத்துக்கொள்ளும், அது தப்பு, ஒன்பதை நோக்கிப் பாதி வந்தாயிற்று, எட்டரை. யாராவது வாயால் நேரம் சொன்னால் எண்ணில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள், கால அட்டவணையில் 20.30 என்று இருபத்துநான்கு மணிக் கணக்கில் இருப்பதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை. சுற்றுலா நடத்துபவர்கள் 'ஊ 29' என்பதுபோல வார எண்ணைச் சொல்வார்கள், ஆண்டின் இருபத்தொன்பதாவது வாரம். நாள்காட்டியில் வார எண்ணைக் காட்டும் அமைப்பைப் போனில் முன்பே போட்டு வைத்துவிடுங்கள்.

அவசரத்துக்கு 112, ஆங்கிலத்திலேயே பேசலாம். உயிருக்கு ஆபத்தில்லாத காவல்துறை வேலைக்கு 114. கோபன்ஹேகன் பகுதியில் இரவில் காய்ச்சல், சுளுக்கு என்றால் மருத்துவமனைக்கு ஓடுவதற்கு முன் 1813-க்கு அழைக்க வேண்டும். மருந்துக்கடை அபோடெக். உள்ளே நுழைந்ததும் வரிசை எண் தரும் இயந்திரம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் சீட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கவுண்டர் முன்னால் போய் நின்றுகொண்டால் நல்ல பிள்ளைகளாக யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் உங்கள் முறையும் வராது.